குழலின் பெயரில்

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் கடையிலிருந்து அவள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். மூன்றரை மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, நனைந்த செருப்பை உதறிப் போட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நாள் முழுக்க லென்ஸ் தேய்த்த விரல்களில் இன்னும் அந்தப் பொடி ஒட்டியிருந்தது.

அங்கே அவள் பெயர் குழல். வாளும் மந்திரமுமாக ஆயிரக்கணக்கான பேர் பூதங்களைத் துரத்தும் ஆன்லைன் விளையாட்டு அது. இந்த மூன்று பேருக்கு மட்டும் பூதமும் வேண்டாம், புதையலும் வேண்டாம். மலையடிவாரச் சத்திரம் ஒன்றில் கூடிப் பாட்டு வாசித்தால் போதும். முரசு, குழல், யாழ். நேரில் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவளுக்கு முரசு வாசிப்பவர் முரசண்ணா, யாழ் வாசிக்கும் அம்மாள் யாழக்கா.

ஒவ்வொருவரும் தான் வாசிக்கும் பங்கை எடுத்துக்கொண்டால் பெயருக்குப் பக்கத்தில் 'தயார்' என்று விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் பாட்டு தொடங்கும். யாழக்கா எப்போதும் கடைசி. விளக்கை ஏற்றிவிட்டு, "ஆரம்பிக்கலாமா, கண்ணு?" என்று எழுதுவாள். அந்தக் கண்ணு குழலுக்கு மட்டும்தான். அதில் குழலுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கடைசி நாட்களில் யாழக்கா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே வாசித்தாள். அவள் மைக்கில் ஏதோ ஓர் இயந்திரம் பிப்... பிப்... என்று விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். தாளம் கெடுகிறது என்று முரசண்ணாவுக்கு எரிச்சலான எரிச்சல். பெரிய போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அக்கா தானாகவே விலகிவிட்டாள் என்று சொன்னார். யாழையும் அவரே விளையாட்டில் இன்னொரு உருவத்தை வைத்து வாசித்துச் சமாளித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று குழலுக்கு மனசு விட்டுப்போனது. ரோஷத்தில் அவளும் போன் செய்யவில்லை. போட்டி நடந்த அன்றே யாழக்கா இறந்துபோனாள். இரண்டு நாள் கழித்து அக்காவின் மகள் சொல்லித்தான் தெரிந்தது.

ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. அக்கா கட்டிய கடைசி மெட்டை இன்று அவள் நினைவாக வாசிப்பதாக ஏற்பாடு. யாழ் பங்கு கிடையாது. இரண்டு பேர் மட்டும்.

முரசு விளக்கு எரிந்தது. குழல் விளக்கு எரிந்தது.

மூன்றாவதாக ஒன்று எரிந்தது.

யாழ்: தயார்.

"அண்ணா, இது நல்லால்ல. அந்தப் பங்கை எதுக்கு எடுத்தீங்க?"

"நான் எடுக்கலம்மா."

அவர் குரல் ஒருமாதிரி இருந்தது.

யாரும் சைகை காட்டாமலே பாட்டு தொடங்கியது. சத்திரத்தில் அக்கா வழக்கமாக உட்காரும் காலிப் பலகையிலிருந்து யாழ் ஒலித்தது. நான்காவது அடியில் மூச்சு வாங்க அக்கா ஒரு கணம் தாமதிப்பாள். அதே இடத்தில் அது தாமதித்தது. சாத்தியிருந்த அறைக்குள் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை பரவியது. ஹெட்போனுக்குள், வெகு பக்கத்தில், அந்தச் சத்தம்.

பிப்... பிப்...

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது.

யாழ்: என்னை ஏன் வெளிய தள்ளின?

குழுவில் சேர்ந்தவர், போனவர் எல்லாம் பதிவாகும் பக்கம் ஒன்று உண்டு. இதுவரை அதைத் திறந்து பார்க்கக் குழலுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது திறந்தாள்.

யாழ் நீக்கப்பட்டார். நீக்கியவர்: குழல். ஞாயிறு, மாலை 4.10.

போட்டிக்கு ஒன்பது நாள் முந்தைய ஞாயிறு அது. அந்த நேரத்தில் அவள் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடை இருக்கும் ஞாயிறுகளில் அவள் உருவத்தையும் சேர்த்து முரசண்ணாதான் ஓட்டுவார். ஒத்திகை நிற்கக் கூடாதே என்று கடவுச்சொல்லை அவளே கொடுத்திருந்தாள். இப்படி வாசிக்கிறவர்கள் நடுவே அது சகஜம்.

"நீங்கதானே அண்ணா?"



"நான் தள்ளினா சண்டைக்கு வருவாங்கம்மா. நீன்னா ஏன்னு கேக்கமாட்டாங்க. அதான்."

ஆமாம், கேட்கவே இல்லை. ஒன்பது நாள் அந்தப் படுக்கையில் கிடந்து, கண்ணு தன்னைத் தள்ளிவிட்டாள் என்ற நினைப்போடேயே அக்கா கண்ணை மூடியிருக்கிறாள். கூடவே இருந்து குழி பறித்தவனைப் போய் இத்தனை நாளும் அண்ணா அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறோமே! அழுகைகூட வரவில்லை.

'அது நான் இல்லக்கா' என்று எழுதினாள். மறுபடி எழுதினாள். மூன்றாவது தடவையும் எழுதினாள்.

பிப்... பிப்... மட்டும் கேட்டது.

"மைக்கை அணைச்சிடும்மா," முரசு கிசுகிசுத்தார். "உன் பக்கத்துச் சத்தம் தாங்கல."

யார் பக்கமிருந்து ஒலி வந்தாலும் அவர் பெயர் திரையில் மின்னும். குழல் பார்த்தாள். ஒவ்வொரு பிப்புக்கும் முரசு என்ற பெயர் மின்னியது.

"என் பக்கம் இல்ல. உங்க ரூம்ல கேக்குது."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.



அன்றே அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். கணினியின் வயரையும் பிடுங்கி வைத்தாள். மூன்று நாளாக முரசின் போனை யாரும் எடுக்கவில்லை.

புதன்கிழமை நடுமதியம். கடையில் நல்ல கூட்டம். கல்லா மேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. விளையாட்டிலிருந்து அறிவிப்பு.

யாழ்: தயார்.

முரசு: தயார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வரியும் வந்தது.

குழல்: தயார்.

புதிய கடவுச்சொல் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் ஒருவர் மூக்கைச் சுளித்து, இங்கே என்ன ஆஸ்பத்திரி வாடை என்று கேட்டார்.

கீழே இன்னொரு வரி வந்தது.

யாழ்: ஆரம்பிக்கலாமா?

அவ்வளவுதான். அவள் விரலால் தள்ளித் தள்ளித் தேடினாள். கண்ணு என்ற சொல் எங்கேயும் இல்லை.