வயர் செருகாத ஹெட்ஃபோன்

ராலிட்சா அந்த வீட்டுக்குக் குடிவந்த மதியம், டான்யூப் நதியின் மேல் பனிமூட்டம் இறங்கி, அக்கரை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியாமல் கிடந்தது. ரூசே நகரத் துறைமுகத்தை ஒட்டிய பழைய தெரு. வாசல் கதவைத் தள்ளியதும் ஈரச் சுண்ணாம்பும் விறகுப் புகையும் கலந்த வாடை முகத்தில் மோதியது. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையால் மகளின் கோட்டுக் காலரைப் பிடித்து நடத்திக்கொண்டு ஏறினாள். மகள் கையைத் தர மாட்டாள். அவளுடைய இரண்டு கைகளும் காதுகளைப் பொத்தியிருந்தன.

நெவேனாவுக்கு ஏழு வயது. இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் உலகத்தில் உள்ள எல்லாச் சத்தமும் அவளைக் குத்தியது. தட்டில் கரண்டி படும் ஓசை, குழாயில் தண்ணீர் ஏறும் ஓசை, ஃப்ரிட்ஜின் முனகல், எல்லாம். கப்பல் ஊதினால் தரையில் விழுந்து அலறுவாள். அந்த அலறல் தாங்காமல் முந்தைய வீடுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி, கெஞ்சி, கடைசியில் திட்டி அனுப்பிவிட்டார்கள். தகப்பன்காரன் வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான்.

இந்த வீட்டின் சுவர்கள் ஒரு முழம் தடிமன். அதற்காகத்தான் வந்தாள். இதை விட்டால் போக்கிடம் இல்லை.

கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரி சோன்கா, சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"எனக்கு ஒத்தைத் தலைவலி. பாப்பா சத்தம் போட்டா பொறுத்துக்க முடியாது. நான் முகத்துக்கு நேரே சொல்றவ, அப்புறம் மனசுல வச்சுக்காத."

"புரியுது அத்தை," என்றாள் ராலிட்சா.

முதல் வாரமே சோன்கா கீழிருந்து துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். அந்த இடிக்கும் நெவேனா அலறினாள்.

ராலிட்சாவின் தம்பி கமென் பஸ் டிப்போவில் மின்வேலை பார்ப்பவன். வீட்டில் அவனுக்கு ஒரே பைத்தியம்தான். பழைய ஹெட்ஃபோன்களைப் பிரித்து, உள்ளே இதையும் அதையும் மாற்றி, மறுபடி மூடிக் கேட்டுப் பார்ப்பது. கல்யாணமே வேண்டாம் என்று அதோடு குடும்பம் நடத்துகிறான் என்று அக்கா கேலி செய்வாள். அக்காள் மகளுக்காகக் கடைகளில் விற்கும் காதடைப்புகள் எல்லாவற்றையும் அவன் வாங்கிப் பார்த்துவிட்டான். எல்லாம் தலையை நெருக்கின, காதை உரசின. நெவேனா மாட்டிய வேகத்தில் வீசி எறிந்தாள்.

பிறகு ஒரு நாள் ஆற்றோரப் பழைய பொருள் சந்தையிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்தான். சோவியத் காலத்துச் சாமான். கறுப்பு நிறம். இரண்டு சூப்புக் கிண்ணங்களை இரும்புப் பட்டையால் சேர்த்தது போல் கனத்தது.

"ஸ்பீக்கர் அருமையான ஸ்பீக்கர்க்கா. செஞ்சவன்தான் காதுல மாட்டிப் பார்க்கல. நாம ரெண்டு பேரும் உட்கார்ந்தா இதை மனுஷன் மாட்டுற மாதிரி ஆக்கிடலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். கமென் இரும்புப் பட்டையைப் பெரிய புத்தக அடுக்கின் மேல் கவிழ்த்து, அகன்று கொடுக்கும்படி இழுத்துக் கட்டினான். வெடித்துப்போன ரப்பர் மெத்தைகள் தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. ராலிட்சா கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தவள். தன் குளிர்கோட்டின் உள்ளே வைத்துத் தைத்திருந்த ஆட்டுக்குட்டித் தோலை வெட்டி எடுத்தாள். தூங்கும் மகளின் காதை விரலால் அளந்து, காது எதிலும் படாதபடி ஆழமாகப் புது மெத்தை தைத்தாள். மெழுகு தேய்த்த இரட்டை நூல். கடைசி முடிச்சை உள்ளே ஒளித்துப் போடுவது அவள் வழக்கம். வேறு யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

கமென் இடது கிண்ணத்தைத் திறந்து, பிளாஸ்டிக் அதிராமல் இருக்க உட்சுவரில் பிசின் அப்பினான். ஸ்பீக்கருக்குப் பின்னால் கம்பளித் துணியை வைத்தான். பிறகு வலது கிண்ணத்தைத் திறந்தான்.

உள்ளே முடி அடைத்திருந்தது.

"நமக்கு முன்னாடியே எவனோ கை வச்சிருக்கான்," என்று சிரித்தான் கமென். "பஞ்சு கிடைக்கலன்னா ஆட்டு ரோமத்தை அடைப்பாங்க. பழைய சாக்ஸைக்கூடப் பார்த்திருக்கேன்."

அது ஆட்டு ரோமம் இல்லை. வைக்கோல் நிறத்தில், மெல்லிசான ஒரு சின்னப் பின்னல். ஒரு குழந்தையின் தலையில் இருந்தது. சுருட்டி வைத்திருந்தார்கள். ராலிட்சா அதைத் தொட்டுப் பார்த்தாள். சற்றுமுன் குளித்த தலைபோல் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது.

கமென் சிரிப்பை நிறுத்தினான். கிடுக்கியால் எடுத்து அடுப்பில் போட்டான். அது பற்றிக்கொள்ளவில்லை. ஈர விறகுபோல் வெகுநேரம் சீறிக்கொண்டே இருந்தது. வலது கிண்ணத்திலும் கம்பளித் துணியை வைத்து அவன் மூடியதும், ராலிட்சா மெத்தைகளைக் கிண்ணங்களோடு சேர்த்துத் தைத்தாள்.

அன்று மதியம் நெவேனாவின் தலையில் ஹெட்ஃபோனை வைத்து, வயரை ராலிட்சாவின் செல்போனில் செருகி, மழைச் சத்தம் ஒன்றைத் தணிவாக ஓடவிட்டார்கள். வீசி எறியப் போகிறாள் என்று ராலிட்சா பயந்தாள். நெவேனாவின் கை உயர்ந்தது. ஆட்டுத்தோலின் மேல் நின்றது. தடவிப் பார்த்தது. எப்போதும் காதுவரை தூக்கியே இருக்கும் அவளுடைய தோள்கள் மெதுவாக இறங்கின. அந்த நேரம் பார்த்துக் கமென் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்தது. இருவரும் உறைந்துபோனார்கள்.

குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் நல்ல காலம் வந்தது. ராலிட்சா சூடாறுவதற்குள் சூப்புக் குடித்தாள். தையல் மெஷினை மூட்டையிலிருந்து வெளியே எடுத்து, தொழிற்சாலையிலிருந்து காலர் தைக்கும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டாள். சோன்காவே பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா ரொட்டி சுட்டு ஒரு தட்டில் எடுத்துவந்து, பாப்பா சமத்தாகிவிட்டாள் என்று மெச்சிவிட்டுப் போனாள்.

ஒரு பிற்பகல், தைத்துக்கொண்டிருந்தவள் தற்செயலாகக் கீழே பார்த்தாள். ஹெட்ஃபோன் வயரின் முனை தரையில் கிடந்தது. செல்போன் அவளுடைய சட்டைப் பையில் இருந்தது.

நெவேனா ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் சிரித்தாள். யாரோ சொல்லும் கதைக்கு 'ம்' கொட்டுவதுபோல் அவள் உதடு அசைந்தது.

மறுநாள் அவள் பேசினாள்.

"குளிருது."

ராலிட்சா மெஷினிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மகளின் முன்னால் மண்டியிட்டாள். ஏழு வருடங்களாகக் காத்திருந்த குரல். கம்பளியை எடுத்துப் போர்த்தினாள், முத்தமிட்டாள், கமெனுக்குப் போன் செய்து பேச முடியாமல் அழுதாள். அவனும் அந்தப் பக்கம் அழுதான்.

நெவேனா கம்பளியைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கில்ல," என்றாள்.

நாளாக ஆக வார்த்தைகள் கூடின. ஹெட்ஃபோன் தலையில் இருக்கும்போது மட்டும்தான். கழற்றிவிட்டுத் தலைவாரும்போது காதோரம் ஈரமாக இருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது. ராலிட்சா துடைப்பாள், மறுபடி ஊறும். இன்னொன்றையும் கவனித்தாள். முன்பெல்லாம் பேச்சு இல்லாவிட்டாலும், நெவி என்று முணுமுணுத்தால் போதும், அந்தக் கண்கள் சட்டென்று அவளைத் தேடும். இப்போது அந்தப் பெயருக்குக் கண்கள் திரும்பவில்லை.

குழந்தை தொட்டியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், ராலிட்சாவே ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முதலில் அமைதி. அவள் கையால் தைத்த, தடித்த, கதகதப்பான அமைதி.

அதற்கு அடியில் தண்ணீர் ஓடியது. பனிக்கட்டிக்குக் கீழே ஆறு ஓடுவது போல, கனமாக, அவசரமில்லாமல்.

பிறகு ஒரு மூச்சு.

"பாப்பா தூங்கிட்டாளா?"

வலது காதில், உதடு படும் நெருக்கத்தில் ஒரு சிறுமியின் கிசுகிசுப்பு. ராலிட்சாவால் கையை அசைக்க முடியவில்லை.

"அவ தூங்கினதும் நான் வரட்டுமா?"

பிய்த்து எடுத்து அலமாரியில் அடைத்துப் பூட்டினாள்.

அன்று பிற்பகல் முழுக்க நெவேனா அலறினாள். அப்படி அவள் எப்போதும் அலறியதில்லை. முகத்தைக் கீறிக்கொண்டாள். தன் மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்தாள். ராலிட்சா பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, மகளின் உதை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஆட்டி ஆட்டித் தாலாட்டினாள். எதுவும் எடுபடவில்லை. சோன்கா மேலே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"சனிக்கிழமைக்குள்ள காலி பண்ணிடு. என் மேல தப்பில்ல. நீயே பாரு."

ஜன்னலுக்கு வெளியே பனி விழத் தொடங்கியிருந்தது. ராலிட்சா அந்தப் பனியைப் பார்த்தாள், மகளின் ரத்தம் படிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். ஊரில் தெரிந்த ஒவ்வொரு கதவையும் மனதுக்குள் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். தானே அதைக் குழந்தையின் தலையில் மாட்டினாள்.

அலறல் நின்றது. குழந்தை கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தாள்.

"அம்மா," என்றாள்.

இந்த ஒரு சொல்லுக்காக ராலிட்சா கோயில் கோயிலாக மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். இப்போது அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. அந்தக் குரலை அவள் ஏற்கெனவே ஹெட்ஃபோனுக்குள் கேட்டிருந்தாள்.

கமென் மறுநாள் வந்து ஹெட்ஃபோனைத் தன் தலையில் மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை என்றான். அக்கா தூங்காமல் கெட்டுப்போயிருக்கிறாள் என்றான். ராலிட்சா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

"பிரிடா."

மெத்தையின் தையலை அவளே விரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய தையல்தான். ஒரு இழைகூட அசங்கவில்லை. உள்முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. யாரும் அதைத் திறந்திருக்க முடியாது.

கமென் வெட்டினான். வலது கிண்ணத்தில் அவன் வைத்த கம்பளித் துணி இல்லை.

கறுப்பு முடி இருந்தது. ஈரமாக.

ராலிட்சா மகளை இழுத்து வலது காதுக்குப் பின்னால் முடியை விலக்கினாள். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். கத்தரித்த தடம் இல்லை. முடியே முளைக்காத இடம்போல் வழுவழுவென்று இருந்தது.

"உள்ள அவளுக்குக் குளிரும்மா," என்றாள் குழந்தை, பொறுமையாக. "போர்த்திக்க ஏதாவது வேணும்ல."

ராலிட்சா எதையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. அந்தச் சாமானைக் கையில் பிடித்தபடி படியிறங்கி ஓடினாள். கோட்டு இல்லை, காலில் வீட்டுச் செருப்பு. துறைமுகச் சுவரின் மேல் ஏறி நின்று ஆற்றுக்குள் வீசினாள். அவ்வளவு கனமான பொருள் உடனே முழுகவில்லை. கொஞ்ச தூரம் மிதந்தது. கிண்ணங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி மெல்ல நிரம்பி, ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே போயின.

வீட்டுக்குள் நுழையும்போது அலறலை எதிர்பார்த்தாள். கமென் வாசலில் நின்று கண்ணீரோடு சிரித்தான்.

நெவேனா மேசையில் தட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒன்றும் இல்லை. தட்டுகள் ஒன்றோடொன்று மோதி ஒலித்தன.

"ரொட்டியை நான் வெட்டவாம்மா?"

சனிக்கிழமை சோன்கா மேலே வந்து, பாப்பாவோடு பேசிப் பார்த்துவிட்டு, இருந்துகொள்ளச் சொன்னாள். ஆற்றில் கப்பல் ஊதியது. குழந்தை ஜன்னலருகே போய் வேடிக்கை பார்த்தாள். கமென் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். எல்லோருக்கும் சந்தோஷம்.

ராலிட்சா மட்டும் எதற்கோ காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒரு மதியம், அவள் வேண்டுமென்றே இரும்பு வாணலியைத் தரையில் போட்டாள். வீடே அதிர்ந்தது. அலறு, என்று மனதுக்குள் கெஞ்சினாள். ஒரு தடவை அலறிவிடு, கண்ணே.

குழந்தை குனிந்து வாணலியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "பார்த்தும்மா," என்றாள்.

ராலிட்சா வாணலியை வாங்கிக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். குழந்தை வந்து மடியில் ஏறிக்கொண்டாள், சில்லென்று இருந்தாள். அவளை அணைத்தபோது ராலிட்சாவின் காது அவளுடைய வலது காதின் மேல் படிந்தது.

உள்ளே, வெகு தூரத்தில், தண்ணீர் ஓடியது.

அந்தத் தண்ணீருக்குள் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வார்த்தை இல்லாத அழுகை. ஏழு வருடங்களாக அவள் தூக்கத்தைத் தின்ற அழுகை. ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும்.

"நெவி," என்றாள் அந்தக் காதுக்குள். "அம்மா இங்கதான் இருக்கேன்டி."

அழுகை சட்டென்று நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு யாரோ உற்றுக் கேட்பதுபோல் இருந்தது.

மடியில் இருந்தவள் மெல்லத் தலையை விலக்கிக்கொண்டாள். ராலிட்சாவின் கண்ணீரைத் தன் சின்னக் கையால் துடைத்தாள்.

"கூப்பிடாதம்மா. கூப்பிட்டா அவ வழி தேட ஆரம்பிச்சிடுவா."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. அந்தக் காதின் உட்புறத்திலிருந்து, சின்னஞ்சிறு நகங்கள் சுரண்டும் சத்தம் கேட்டது.