மதியம் நின்றுபோகும் கோடு

படியேறி வந்தவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நாற்காலியும் சிமெண்டாகிவிடும் என்று நின்றுகொண்டாள். புருவம் வரைக்கும் சாம்பல் நிறத் தூசி. சிமெண்ட் கிடங்கில் மூட்டை இறக்கும் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி.

"என் ஆளுங்க மதியம் தூங்குறாங்களாம். முதலாளி சொல்றாரு. இன்னைக்குச் சாயங்காலம் எங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு வேற கூட்டத்தை இறக்கப்போறாரு. எங்களுக்கு இந்த வேலைய விட்டா வேற போக்கு இல்லம்மா."

மேசைக்குப் பின்னால் இருந்தவளை ஊரார் நிதானம் என்று கூப்பிடுவார்கள். பக்கத்து வீடு எரிந்தாலும் அடுப்பிலிருக்கும் பாலை இறக்கிவைத்துவிட்டுத்தான் ஓடுவாள். காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கிடங்கிலும் நனைந்த சரக்கிலும் பொய்யைத் தேடியவள், அதை விட்டுவிட்டு டயர்க்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிய வந்திருந்தாள். துணைக்கு மாமியார். வருகிறவர்களையெல்லாம் முதலில் குற்றவாளியாக்கிவிட்டு, பிறகு ஒவ்வொருவராக விடுதலை செய்வது மாமியாரின் முறை.

"நெஜமாவே தூங்குனாங்களா?" என்றார் மாமியார்.

"மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்குறது?"

"எங்க வீட்டுக்காரரு நின்னுக்கிட்டே தூங்குவாரு. கேட்டுப் பாரு என் மருமகள."

"அத்தை, செருப்பைப் போடுங்க. கிளம்பலாம்" என்றாள் நிதானம்.

முதலாளியின் அறை கிடங்கின் மாடியில் இருந்தது. தூசி வராமல் சன்னல் இறுக அடைத்திருந்தது. சாய்வு நாற்காலியின் மேல் பூவேலை செய்த துண்டு விரித்திருந்தது. முதலாளி போனை நீட்டினார்.

"என் மாப்பிள்ளை செஞ்ச போன் ஆப். லாரியிலிருந்து மூட்டை பெல்ட்டுல போகும். மேல ஒரு மின்கண் எண்ணும். நான் சர்வரை ஒரு தடவை கேட்டா போதும், அது லைனைத் திறந்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு மூட்டைக்கும் தானாச் சொல்லிக்கிட்டே இருக்கும். சொல்லச் சொல்ல இந்தக் கோடு ஏறும். இது நேத்தைய கோடு. பாருங்க, சாப்பாட்டுக்கு அப்புறம்."

கோடு படுத்துக் கிடந்தது. பிறகு ஒரே இடத்தில் சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக எழும்பியிருந்தது.

"படுத்துக் கிடக்கிற வரைக்கும் தூங்குறானுங்க. எழுந்ததும் மின்கண்ணுக்கு முன்னால கையக் காட்டிக் கணக்கை ஏத்திடுறானுங்க."

"கடைசில மூட்டை குறையுதா?"

"ஒண்ணுகூடக் குறையல. அங்கதான் அவனுங்க சாமர்த்தியம்!"

பேச்சின் நடுவில் போன் திரை அணைந்தது. முதலாளி தட்டி எழுப்பினார். "நான் எதையும் வீணாக்க மாட்டேன். சார்ஜ் மிச்சம் பிடிக்கிறதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை அமுக்கி வச்சிருக்கேன். ரெண்டு நாளைக்கு நிக்குது."

"மதியக் கோடு தினமும் இப்படித்தானா?"

"ஒரே ஒரு நாள் ஒழுங்கா வேலை செஞ்சானுங்க. அன்னைக்கு நான் சம்பந்தி வீட்டு விருந்துல இருந்தேன். சாப்பிட்டுட்டு அங்க இருந்தவங்களுக்கெல்லாம் இதைத்தான் காட்டிக்கிட்டிருந்தேன். கோடு ஏணி மாதிரி ஏறிச்சு."

"நீங்க இருந்தா தூக்கம், இல்லாட்டி உழைப்பா?" மாமியார் நிமிர்ந்தார். "உங்க மேல பழைய பகை. எழுதிக்கோ மருமகளே."

நிதானம் எதையும் எழுதவில்லை. "இன்னைக்கும் வழக்கம்போல இருங்க. நாங்க கீழே நிக்கிறோம்" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பெல்ட்டின் பக்கத்தில் நின்றார்கள். மூட்டை வந்துகொண்டே இருந்தது. ஒருவன் கொக்கியால் இழுக்க, இன்னொருவன் முதுகைக் கொடுக்க, மூச்சுவிடும் சத்தமும் மூட்டை விழும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. யாரும் உட்காரவில்லை. மின்கண்ணுக்கு முன்னால் எந்தக் கையும் நீளவில்லை. மாமியார் தலைக்குப் போட்டிருந்த சாயம் தூசிக்கடியில் காணாமல் போயிற்று.

மாடிக்கு வந்து கதவைத் தட்டினார்கள். திறக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலாளி ஒரு கையால் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மறுகையால் போனை நீட்டினார்.

"பாத்தீங்களா! நீங்க கீழ நின்னப்பவே தூங்கியிருக்கானுங்க!"

கோடு படுத்து, எழும்பி, சுவராக நின்றது.

மாமியார் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அப்ப மாப்பிள்ளைதான்! மாமனாரைக் கவுத்துட்டுக் கிடங்கை அமுக்கப் பாக்குறான்!"

"நான் வேற கிடங்குல வேலையா இருந்தேங்க" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. நிதானம் வரச்சொல்லியிருந்த மாப்பிள்ளை, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பின்னால் மேஸ்திரி.

எல்லோரையும் மேசையைச் சுற்றி நிறுத்தினாள் நிதானம். "அந்தக் கணினியிலயும் கோட்டைத் திறங்க. முதலாளி போனை இங்க வைங்க. யாரும் தொடக் கூடாது."

திரை அணைந்தது. கீழே பெல்ட் ஓடும் சத்தம் கேட்டது. கணினியில் கோடு படிப்படியாக ஏறியது. நிதானம் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தாள். அதற்குள் மாமியார் இரண்டு தடவை போனைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

"இப்ப தட்டுங்க."

முதலாளி தட்டினார். போனில் கோடு படுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவராக எழும்பியது.

"செங்கல்லைக் கைமாத்தி ஏத்துறப்போ கடைசி ஆளு கண்ணசந்துட்டா என்ன ஆகும்?" என்று நிதானம் கேட்டாள். "வேலை நிக்காது. அவனுக்கு முன்னால நிக்கிறவன்கிட்ட கல்லு குவியும். இவன் முழிச்சதும் மொத்தமும் இவன் மடியில விழும். சார்ஜ் மிச்சம் பிடிக்கிற போன், திரை அணைஞ்சா லைனையும் அறுத்துடுது. தட்டினதும் மறுபடி லைன் போட்டு, விட்டதையெல்லாம் ஒரே வாயில கேட்டு வாங்குது. அதான் ஒரு மூட்டையும் குறையல."

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். "மூட்டை இறங்குன நேரத்தை வச்சுக் கோடு போட்டிருக்கணும் மாமா. நான் சேதி போனுக்கு வந்து சேர்ந்த நேரத்தை வச்சுப் போட்டுட்டேன். தப்பு என்னுது."

முதலாளிக்கு மாப்பிள்ளை மாட்டியதில் ஓர் ஆறுதல். ஆனாலும் விடவில்லை. "அது சரி. போன் அணையறது எப்பவும் நடக்குது. கோடு மதியம் மட்டும் ஏன் படுக்குது?"

மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார். மேஸ்திரி தன் கால்விரல்களைப் பார்த்தாள்.

"மத்த நேரமெல்லாம் நீங்க தட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் நிதானம். "சம்பந்தி வீட்டுலயும் தட்டிக்கிட்டே இருந்தீங்க. இங்க மதியம் தட்ட ஆளில்ல."

"நான் கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருப்பேன்!"

"யோசிச்சதுல கன்னத்துல பூ பூத்திருக்கே" என்றார் மாமியார்.

முதலாளி கன்னத்தைத் தடவிப் பார்த்தார். துண்டின் பூவேலை, இதழ் இதழாக அச்சுக் குத்தியிருந்தது. அவர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியுமா இது?"

"போன் சங்கதி எனக்கு எப்படித் தெரியும் முதலாளி? குறட்டை தெரியும். கீழ வரைக்கும் கேக்கும்."

"அதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க தூங்குறீங்கன்னு உங்ககிட்டயே சொல்லவா? அதுக்கு நானே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிருக்கலாம்."

முதலாளி சாய்வு நாற்காலியில் உட்காரப் போய், எதையோ நினைத்துக்கொண்டு எழுந்து நின்றார். இப்போது அவர் குரலில் முறுக்கு இல்லை. "நான் பாக்கலன்னு தெரிஞ்சும் யாரும் கையக் கட்டிக்கிட்டு நிக்கலையா?"

"லாரி காலியானாத்தான் நாங்க வீட்டுக்குப் போக முடியும்" என்றாள் மேஸ்திரி. "நீங்க பாத்தாலும் பாக்காட்டியும் மூட்டை ஒரே கனம்தானே?"

கீழே அடுத்த லாரி ஆரனடித்தது. அவள் யார் உத்தரவுக்கும் காத்திராமல் இறங்கிப் போனாள்.

முதலாளி போனை எடுத்து, சாயங்காலம் வரச்சொல்லியிருந்த கூட்டத்துத் தலைவனைக் கூப்பிட்டார்.

"நீங்க வரவேண்டாம்ப்பா… இல்ல, பழைய ஆளுங்களே இருக்கட்டும்."

மறுமுனையில் இருந்தவன் சத்தமாகப் பேசுகிறவன். அறையில் எல்லோருக்கும் கேட்டது. "அவங்க தூங்குறாங்கன்னுதானே எங்களைக் கூப்பிட்டீங்க?"

முதலாளி கன்னத்தை மறுபடி தடவிக்கொண்டார்.

"ஆமாப்பா. தூங்குற ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார்.