நியூயார்க்கைத் தாண்டி

இரண்டு மணிக்கு வரவேண்டிய போன் மூன்று மணிக்கு வந்தது.

ஒரு மணி நேரம்தானே என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். பொற்கொடிக்கு அந்தக் கணக்கு அத்துப்படி. அவள் கணவன் ஜெரோம், அட்லாண்டிக் கடலைக் கடக்கும் பயணிகள் கப்பலில் துணி துவைக்கும் பிரிவில் இருக்கிறான். கப்பல் கடிகாரத்தில் விடிகாலை நாலரைக்கு, வேலைக்கு இறங்குமுன், வீடியோவில் கூப்பிடுவான். இங்கிலாந்தில் கிளம்பும் அன்று, அவள் இருக்கும் சூலூரில் அப்போது காலை ஒன்பது. கப்பல் மேற்கே போகப்போகக் கடிகாரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள். போனும் அதற்கேற்பத் தள்ளித் தள்ளி வரும். மதியம் இரண்டுக்கு வந்தால் நியூயார்க் வந்தாயிற்று. அதற்குமேல் போக அங்கே கடலே கிடையாது.

"இன்னும் கரையக் காணோம் அம்மணி. இன்னிக்கும் கடிகாரத்தத் திருப்பிப்போட்டாங்க," என்றான் ஜெரோம்.

இந்தப் பயணத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அவன் கப்பலேறிய பிறகு பிறந்த மகள் அன்புக்கரசிக்கு ஏழு மாதம். அவளைத் தூக்கிக்கொள்ளத்தான் அவன் நாள் எண்ணிக்கொண்டிருந்தான்.

மறுநாள் நான்கு மணிக்கு வந்தது. பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் தடதடக்க, வழக்கமாக அவனுக்குப் பின்னால் இரைச்சலிடும் துவைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்து, எங்கோ நீர் சொட்டும் ஓசை மட்டும் போனுக்குள்ளிருந்து நிதானமாக வந்துகொண்டிருந்தது. அவன் தலைமுடி நனைந்திருந்தது. கேட்டதற்குச் சிரித்தான்.

பொற்கொடி போனை வைத்ததும், அவனை வேலைக்கு அனுப்பிய கோயமுத்தூர் ஏஜென்ட் சசிதரைக் கூப்பிட்டாள். அவன் மென்று விழுங்கினான். கப்பல் நேற்றே நியூயார்க் போய்ச் சேர்ந்துவிட்டதாம். ஜெரோம் மூன்று நாளாக வேலைக்கு வரவில்லையாம். கப்பல் முழுக்கத் தேடியும் ஆளில்லையாம்.

தினமும் என்னோடு பேசுகிறாரே என்றாள்.

சசிதர் குரலைத் தாழ்த்தினான்.

"அவரு போனு கேப்டன்கிட்ட இருக்குதுங்க. மூணு நாளா ஆஃப்ல இருக்குது."

மறுபடி தேடச் சொல்லிக் கெஞ்சினாள். அழுதாள். அடுத்த நாள் காலையிலிருந்து சசிதரைப் பத்து முறை கூப்பிட்டாள். பிறகு அவன் போனையே எடுக்கவில்லை.

ஐந்து மணி. மடியில் குழந்தை. போன் அடித்தது.

"ஏனுங்க, எங்கீங்க இருக்கறீங்க? எங்கியும் எறங்கீராதீங்க."

"கரை வந்துருச்சு கண்ணு. பாரு."

போனைத் திருப்பினான். அவன் வேலை செய்வது தண்ணீருக்குக் கீழே இருக்கும் தளம், ஜன்னலே கிடையாது என்பான். அங்கே ஓர் இரும்புக் கதவு. அதில் வட்டக் கண்ணாடி. வெளியே கரை இல்லை. கறுத்த நீர்.

நீருக்குள் ஆட்கள். வரிசையாக. முடி மேல்நோக்கி மிதந்தது. எல்லோரும் கையசைத்தார்கள்.

நடுவில் ஒருத்தி. பொற்கொடி உடுத்தியிருந்த அதே சிவப்புச் சேலை. இடுப்பில் குழந்தை.

"நீயே கூட்டிட்டுப் போக வந்துட்டியா?" என்று ஜெரோம் அவளைக் கேட்டான்.

"அது நானில்லீங்க!"

அவன் போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைப் பார்த்தான். மறுபடி போனை, யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல.

போனைக் கதவு தெரியும்படி எதன்மேலோ சாய்த்து வைத்தான். கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தான்.

பொற்கொடி கத்தினாள். மடியில் குழந்தை வீறிட்டது.

கண்ணாடிக்கு வெளியே இருந்தவள், இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.