தூரமா ஒண்ணு, கிட்ட ஒண்ணு

நிற்க வைத்தது இரண்டு பேரை. படத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஜீவராணி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் மழைக்காலத்தில் மூன்று மணிக்கே பனி இறங்கிவிடும்; அந்தப் பனியில் நட்டுவைத்த கட்டைகூட ஆளாகத் தெரியும். கீழ்ப்பாதையில் நின்று அவள் எடுத்த படத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் ஒன்பது வாசல்களும் வரிசையாக விழுந்திருந்தன. எட்டு வாசல்கள் பூட்டிக் கிடந்தன. மண்சரிவுக்குப் பிறகு அந்தக் குடும்பங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தன. ஆறாவது வாசலில் மட்டும் அவள் புருஷன் கஜேந்திரனும், அவன் கையைப் பிடித்தபடி நான்கு வயது மகன் திலக்ஷனும் நின்றார்கள். கடைசியில், பத்தாவது வீடான பத்தாம் காம்பரா இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்கு மண்மேடு. அதன் முன்னால் இன்னும் இரண்டு பேர்.

தலையை உயர்த்திப் பார்த்தாள். மண்மேடு மட்டும்தான் இருந்தது.

"என்னா, எடுத்தாச்சா?" என்று கஜேந்திரன் மேலிருந்து கத்தினான். "புள்ளைக்குக் குளுருது."

"கை ஆடிருச்சுங்க. அப்படியே நில்லுங்க, இன்னொண்ணு எடுக்கிறேன்."

கிராம சேவகர் சொல்லியனுப்பியது இதுதான்: குடும்பம் வாசலில் நிற்க, லயமும் பின்னால் மலையும் தெரியத் தூரமாக ஒரு படம், சுவர் வெடிப்பு தெரியக் கிட்ட ஒரு படம். ஐந்து மணிக்குள் இரண்டையும் போனில் அனுப்ப வேண்டும். அனுப்பாத குடும்பத்துக்குப் புது இடத்தில் வீடு கிடையாது. மழை விட்டதும் இதே காம்பராவுக்குத் திரும்ப வேண்டியதுதான். மற்றவர்களுடைய படங்களை எல்லாம் ஜீவராணி மத்தியானமே எடுத்து அனுப்பிவிட்டாள். ஊர் வேலையை முடித்துவிட்டுத் தன் வேலையைக் கடைசிக்குப் போடுகிற புத்தி அவளை விட்டுப் போகாது.

தூரமாக ஒரு படம் எதற்கு என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு பத்தாம் காம்பரா காளியாயி வந்து நின்றாள். சுவர் வெடித்திருக்கிறது, படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பு என்றாள். "கொஞ்சம் தள்ளி நின்னு மலையையும் சேத்து எடு ராணி. பின்னாடியும் பொளந்து கெடக்கு."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாதை முழுக்கச் சேறு. இறங்கி ஏற ஜீவராணிக்குச் சோம்பல். "கிட்ட எடுத்தாதான்க்கா பெருசா தெரியும்" என்று சொல்லி, சுவரை மட்டும் எடுத்து அனுப்பிவிட்டாள். படத்தைப் பார்த்தவர்கள் வெறும் பூச்சு வெடிப்பு, பயப்பட வேண்டாம் என்று பதில் போட்டார்கள். ஒன்பதாம் நாள் மலை இறங்கியது. காளியாயியையும் புருஷன் அழகுமுத்துவையும் தோண்டி எடுத்தார்கள். அவர்களுடைய ஐந்து வயது மகன் கிடைக்கவே இல்லை. தள்ளி நின்று எடுக்கச் சொன்னாள் என்பதை ஜீவராணி இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது படத்தை எடுத்துப் பார்த்தாள்.

அந்த இருவரும் எட்டாவது வாசலில் நின்றார்கள். ஆணுக்குத் தலை தொங்கியிருந்தது. பெண்ணின் சேலை உடம்போடு ஒட்டி, எது சேலை எது மண் என்று தெரியாமல் இருந்தது. படத்துக்கு நிற்கிறவர்கள் மாதிரி நேராகத்தான் நின்றார்கள், ஆனால் நெருங்கி நிற்கவில்லை. நடுவில் ஒரு பிள்ளை நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

பாதையோர வடிகால் கானில் ஓடிய தண்ணீரின் சத்தம் திடீரென்று நின்றுபோனதுபோல் இருந்தது. அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டது: சேற்றிலிருந்து காலைப் பிடுங்கி வைக்கிற சத்தம், நிதானமாக, ஒவ்வொரு அடியாக. வெட்டிய மண்ணின் வாடை மூக்கில் ஏறியது.

"ஏங்க, பக்கத்துல யாராச்சும் நிக்கிறாங்களா?"

கஜேந்திரன் இரண்டு பக்கமும் பார்த்தான். "யாரு இருக்கா இங்க? மணி அஞ்சாகப் போகுது. சட்டுனு எடு ராணி."

மூன்றாவது படம். ஏழாவது வாசல். பெண் இப்போது முகத்தைத் திருப்பியிருந்தாள். காளியாயிதான். அவள் ஜீவராணியைப் பார்க்கவில்லை. திலக்ஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. பயத்தில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: கிட்ட எடுத்தால் பக்கத்தில் இருப்பது தெரியாது. நின்ற இடத்திலிருந்தே அடுத்த படத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்து, திரையில் இரண்டு விரலை வைத்து அகட்டினாள். ஏழாவது வாசல் விலகிப் போனது. புருஷனும் மகனும் மட்டும் திரையில் நின்றார்கள். மூச்சு வந்தது.

திரையின் ஓரத்தில் விரல்கள் தெரிந்தன. நகக்கண் நிறையச் சேறு.

மறுபடி அகட்டினாள். கஜேந்திரன் திரையை விட்டுப் போனான். மகன் மட்டும். விரல்கள் இன்னும் இருந்தன. மறுபடி. மகனின் தோள். மறுபடி. இப்போது திரை முழுக்கத் திலக்ஷனின் முகம். வேறு எதுவும் இல்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ராணி!" கஜேந்திரனின் குரல். "புள்ள ஒங்கிட்ட வந்துட்டானா?"

"என்னாங்க சொல்றீங்க?"

"நீதானே இப்ப வாடான்னு கூப்பிட்ட. கைய உருவிக்கிட்டு ஓடுனான்."

நிமிர்ந்து பார்த்தாள். ஆறாவது வாசலில் கஜேந்திரன் தனியாக நின்றான். படியில் யாரும் இல்லை. பாதையில் யாரும் இல்லை.

திரையில் முகம் இருந்தது.

எங்கே நிற்கிறான்? பின்னால் சுவர் இல்லை. வாசல் இல்லை. மலை இல்லை. முகம் மட்டும். விரலைச் சுருக்கித் தூரமாகக் கொண்டுபோனால் இடம் தெரியும். பக்கத்தில் நிற்பவர்களும் தெரிவார்கள். விரல் திரையில் விறைத்து நின்றது. சுருக்க அவளால் முடியவில்லை.

"ராணி! புள்ள எங்கடி?"

திரையின் அடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. உள்ளங்கையில் ஈரச் சேறு. படம் பிடிக்கும் முன் பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல், அவசரமில்லாமல், நெற்றியில் பூசியது. கன்னத்தில் பூசியது. திலக்ஷன் கண்ணை மூடிக்கொடுத்தான். இமைகளிலும் பூசியது. மூக்குத் துவாரங்களை அடைத்தது.

கை கீழே போனது. இன்னொரு பிடி அள்ளி வந்தது.

பிள்ளை வாயைத் திறந்தான்.