மெதுவா நன்றி சொல்லுங்க

டிங்... டிங்... டிங்...

மஹதி பூஜைத் தாம்பாளத்தை எடுத்து வந்து, கரண்டியால் பலம் கொண்ட மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். மார்ச் இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. மயிலாப்பூரில் ஆள் இல்லாத மொட்டை மாடியே இல்லை. எதிர் வீட்டில் குக்கர் மூடி, பக்கத்து வீட்டில் கைமணி, தெருக்கோடியில் யாரோ சங்கே ஊதினார்கள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நாடே கைதட்டி நன்றி சொல்கிற நேரம்.

அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் புனே போய்ப் பதினைந்து நாள். ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸ், லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி ஆறு நாள். ஆறு நாளாக நேரில் ஒருவரோடும் அவள் பேசவில்லை. இன்றைக்கு ஊரே ஒன்றாகச் சத்தம் போடுகிறது... அதில் தன் சத்தமும் சேரட்டுமே.

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது.

மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் அதன் சொந்தக்காரர் போன மாதம் யாருக்கோ வாடகைக்கு விட்டிருந்தார். யாரென்று மஹதி பார்த்ததில்லை. விடிவதற்கு முன்னால் கிளம்பும் ஒரு பைக் சத்தம்... அவளுக்குத் தெரிந்த அவன் அவ்வளவுதான்.

இப்போது அந்த பைக் சத்தம் கசங்கிய பனியனோடு வாசலில் நின்றது. மூக்கின் மேலும் கன்னங்களிலும் மாஸ்க் அழுத்திப் பதித்த சிவப்புக் கோடுகள். அவற்றுக்கு மேலே இரண்டு பெரிய கண்கள்... மழைக்கு முந்தைய வானம் போல் கனத்துக் களைத்த கண்கள்.

"ஏங்க... இன்னாங்க இது, சத்தம்?"

"தெரியாதா உங்களுக்கு? ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்களுக்கு நன்றி சொல்றோம்."

அவன் கண்களைத் தேய்த்துக்கொண்டான்.

"அதுல ஒருத்தன் இங்கதாங்க தூங்கினு இருந்தேன். நேத்து காலைல லேபுக்குப் போனவன், இன்னிக்கி மத்தியானம் மூணு மணிக்குத்தான் வந்து படுத்தேன்." கோபம்கூட இல்லாத குரல். "நன்றி சொல்றது நல்ல விஷயம்தான்... கொஞ்சம் மெதுவா சொல்லுங்க."

கதவு மூடிக்கொண்டது. ஊர் முழுவதும் மணியும் தட்டும் முழங்க, மஹதி மட்டும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

என்ன திமிர் என்று முதலில் நினைத்தாள். படி இறங்கும்போது அந்தச் சிவப்புக் கோடுகள் ஞாபகம் வந்தன. வீட்டுக்குள் வந்து தாம்பாளத்தைப் பெருமாள் முன்னால் வைத்தபோது, திமிர் யாருடையது என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

மூன்றாம் நாள் ஊரடங்கு வந்தது. தெருவை யாரோ துடைத்து எடுத்தது போலாயிற்று. தேர் ஓட வேண்டிய பங்குனி மாதத்தில் மாட வீதியில் புறாக்கள் மட்டும் நடந்தன. பால் வாங்கும் இடத்தில் சுண்ணாம்பு வட்டங்கள்... அதற்குள் நின்றவர்கள், அடுத்த வட்டத்துக்காரர் இருமினாலே திரும்பி முறைத்தார்கள். பத்து வருஷம் பழகியவர்கள்கூடத் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தார்கள். மத்தியானங்களில் மின்விசிறி சுற்றும் சத்தம் இவ்வளவு பெரிதென்று மஹதிக்கு இப்போதுதான் தெரிந்தது. வேண்டுமென்றே இரண்டு டம்ளரில் காபி கலந்தாள். ஒன்றைக் குடித்தாள்... இன்னொன்று ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஓர் எவர்சில்வர் டப்பாவில் தயிர்சாதமும் நார்த்தங்காயும் வைத்து, மொட்டை மாடியின் கடைசிப் படியில் வைத்தாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு: 'மெதுவா சொல்றேன். நன்றி. மூணாவது மாடி.'

அதற்கடுத்த நாள் டப்பா மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் இருந்தது. கழுவி, வெயிலில் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு சீட்டோடு: 'ஒரு நாள் காய்ட்டும். அப்பறம் எடுங்க.' மறுநாள் எடுத்துப் பார்த்தபோது டப்பாவின் அடியில் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட் ஒன்று இருந்தது.

அன்று சாயங்காலம் அவன் மாடிக் கதவருகே உட்கார்ந்திருந்தான். அவள் கீழே மூன்றாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். நடுவில் பதினாறு படிகள்.

"பிஸ்கட் எதுக்கு?" என்றாள்.

"ஏனத்த வெறுமையா திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

"எங்க அம்மாவும் சொல்லுவா."

"அப்ப ரெண்டு பேரும் ஒரே ஸ்கூலு."

அவள் சிரித்துவிட்டாள். பல நாளைக்குப் பிறகு கேட்ட தன் சிரிப்பு, மாடிப்படியில் எதிரொலித்து அவளையே திடுக்கிட வைத்தது.

பேர் டில்லிபாபு. கிண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். மூக்கிலும் தொண்டையிலும் சாம்பிள் எடுக்கிற வேலை. வீடு நொச்சிக்குப்பத்தில். ஒரே அறை வீடு, அதில் அம்மா, தங்கை ஆஷா, ஆஷாவின் நாலு மாதக் குழந்தை.

"வியாதி சீனாலேர்ந்து கெளம்பிச்சின்னு நியூஸ்ல பாத்த அன்னிக்கே தனியா ரூம் தேட ஆரம்பிச்சிட்டேன் மேடம்."

"மேடமா? நான் என்ன கலெக்டரா? மஹதி."

"சரி, மஹதி மேடம். நீங்க எதுக்குத் தனியா கீறீங்க?"

"ஆத்துல எல்லாரும் புனே போயிருக்கா."

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாஸ்க்குக்கு மேலே அந்தக் கண்கள் குறும்பாகச் சுருங்கின.

"ஆத்துலயா... பரவால்ல. நீங்க ஆத்துல கீறீங்க, நாங்க கடல்ல கீறோம்."

அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டுப் போயிற்று. காலையில் அவள் டப்பா வைப்பாள். சாயங்காலம் பதினாறு படி தள்ளிப் பேச்சு. திரும்பி வரும் டப்பாவில் ஒருநாள் எலுமிச்சம்பழம்... ஒருநாள் ஆஷா தைத்த நீலத் துணி மாஸ்க். அந்த முதல் நாளுக்குப் பிறகு அவன் பாதி முகத்தைத்தான் அவள் பார்த்தாள். அந்தப் பாதிக்குள்ளேயே எல்லாம் இருந்தது. லேபில் அன்றைக்கு யார் அழுதார்கள் என்பதுகூட.

"வீட்டு ஞாபகம் வரலியா?"

"பட்டினப்பாக்கம் முனைல அம்மா வந்து நிக்கும். நா இந்தாண்ட நிப்பேன். நடுவுல ரோடு." கையால் தூரத்தைக் காட்டினான். "எங்கம்மாவுக்குக் குரலு பெருசு மேடம், மீன் வித்த குரலு. சாப்டியா நைனான்னு கத்தும் பாருங்க... போலீஸ்காரரே திரும்பிப் பாப்பாரு."

அன்று இரவு மஹதி பெருமாளிடம் தன் வீட்டாரோடு இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஊரடங்கின் பதினோராம் நாள் காலை, புனேயிலிருந்து அப்பாவின் போன். அப்பா ஸ்ரீரங்கன்தான் அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர்.

"மஹீ, குரூப்ல பாத்தியோ? ரெண்டாம் மாடி நெடுஞ்செழியன் ரொம்பக் கோபமா எழுதியிருக்கார். மாடில இருக்கற பையன் கொரோனா லேப்ல வேலை பாக்கறானாமே. எல்லாருமா அவனைக் காலி பண்ணச் சொல்றதுன்னு முடிவாயிடுத்து. நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். ஆத்துல பிரிண்டர் இருக்கோல்லியோ, எடுத்து அவன் கதவுல ஒட்டிடு."

"நானாப்பா?"

"நான் அங்க இருந்தா நான் ஒட்டமாட்டேனா? நீ தனியா இருக்கே குழந்தே. அம்மா ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை."

அப்பா கெட்டவர் இல்லை. போன மழையில் தெருநாய்க்குக் குட்டி பிறந்தபோது தன் குடையை விரித்து வைத்துவிட்டு நனைந்து வந்தவர். பயம் கெட்டவர்களாகப் பார்த்துப் பிடிப்பதில்லை.

மஹதிக்கு இருபத்தேழு வயது. அப்பாவின் பேச்சை ஒருநாளும் தட்டியதில்லை. அந்தப் பழக்கமே அவளைப் படியேற்றிக் கொண்டுபோயிற்று. அவன் லேபுக்குப் போயிருந்தான். 'அனைவரின் நலன் கருதி, இரண்டு நாளுக்குள் அறையைக் காலி செய்யவும். ஸ்ரீரங்கன், செயலாளர்.' நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். ஒட்டி முடித்தபிறகுதான் அந்த வரியைப் படித்தாள். அனைவரின் நலன்... அந்த அனைவரில் அவன் இல்லை.

ஆனாலும் அதைக் கிழிக்கக் கை வரவில்லை. இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு பைக் வந்தது. காலடி மூன்றாம் மாடியைக் கடந்து மேலே போயிற்று. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நாலரைக்கு அவள் வீட்டு வாசலில் ஏதோ வைக்கும் 'ணங்' என்ற மெல்லிய ஓசை.

கதவைத் திறந்தாள். எவர்சில்வர் டப்பா. துடைத்துப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்தாள்.

காலி.

ஒரு சீட்டுகூட இல்லை. டப்பாவின் பளபளப்பான அடியில் அவள் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

மாடிக்கு ஓடினாள். அறைக்குள் அவன் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தான். நோட்டீஸ் ஒட்டியபடியே இருந்தது. நாலு மூலை டேப்பையும் நகத்தால் பிய்த்து எடுத்தாள். அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பினான்.

"எங்க போறீங்க?"

"லேப்ல ஒரு பெஞ்ச் கீது."

"இதை ஒட்டினது நான்தான்."

"தெரியும். டேப்ப நாலு பக்கமும் நேரா ஒட்டியிருந்தீங்க. சீட்டும் அப்படித்தான மடிப்பீங்க." குரல் மெதுவாகத்தான் இருந்தது. "உங்க மேல தப்பு இல்ல மேடம். நா யாராண்டயும் கெஞ்ச மாட்டேன். அவ்ளோதான்."

அவள் போனை எடுத்துக் குடியிருப்பின் குரூப்பில் எழுதினாள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தவில்லை. 'மாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியவள் நான். கிழித்தவளும் நான். அன்று எல்லோரும் தட்டு தட்டி நன்றி சொன்னோமே, அந்த நன்றி இவருக்குத்தான். அப்பா, மன்னித்துவிடுங்கள். மஹதி.'

இரண்டு நிமிஷம் போயிற்று. பிறகு ஒரு குரல் பதிவு வந்தது. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஜமீலுன்னிசா அம்மாள். மஹதி அதை அப்படியே ஒலிக்க விட்டாள்.

"எனக்கு எழுத வராதும்மா, அதான் பேசறேன். அந்த மாடிப் புள்ளதான் எனக்கு இன்சுலின் வாங்கியாந்து குடுக்குது. எங்கயும் கெடைக்காதப்ப தேடிக் குடுத்துச்சு. பைய வாசல்ல வச்சிட்டு, மணி அடிச்சிட்டு, கேட்டாண்ட போய் நின்னுக்கும். ஒருநாளும் கிட்ட வந்ததில்ல. எம் மவன் துபாய்ல கீறான்... அவன் இருந்தா செய்யறத இது செஞ்சுது. இதப் போகச் சொல்றவங்க மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லுங்க."

டில்லிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ தப்பில் மாட்டிக்கொண்டவன் போல.

"சொல்லவே இல்லியே நீங்க," என்றாள் மஹதி.

"அதுல சொல்றதுக்கு இன்னா கீது."

போன் மறுபடி அடித்தது. அப்பா. அவள் எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம், அம்மா ஏதோ சொல்கிற சத்தம். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மஹீ..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தப் பையன் பேர் என்ன?"

"டில்லிபாபு, அப்பா."

"நெடுஞ்செழியன்கிட்ட நான் பேசிக்கறேன்." குரலைத் தணித்துக்கொண்டார். "சாப்டானான்னு கேளு."

அவள் போனைத் தாழ்த்தினாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா கேக்கறார்... சாப்டாச்சான்னு."

பட்டினப்பாக்கம் முனையில் ரோடு கடந்து வரும் அதே கேள்வி. அவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். முகத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்ப நேரமாயிற்று.

"இன்னும் இல்லன்னு சொல்லுங்க."

அவள் கீழே போய், சூடாக ரசஞ்சாதமும் சுட்ட அப்பளமும் எடுத்து வந்தாள். கடைசிப் படியில் வைத்துவிட்டுப் பதினாறு படி இறங்கி உட்கார்ந்தாள். பை பிரிக்கப்பட்டிருந்தது. சட்டைகள் மறுபடி கொடியில் தொங்கின. கடற்காற்று லேசாக வீசிற்று. தூரத்தில் எங்கோ இரண்டே துளி மழை வாசனை... பெய்யத்தான் இல்லை.

"டப்பாவைக் காலியா வச்சீங்களே... அதுதான் ரொம்ப வலிச்சுது," என்றாள்.

"வைக்க இருந்துச்சு. வைக்க தைரியம் இல்ல."

"என்ன அது?"

அவன் மாஸ்க்கின் கயிற்றைத் தொட்டு, கழற்றாமலே கையை எடுத்தான்.

"இதெல்லாம் முடியணும். முடிஞ்சப்பறம் ஒருநாள் இத கழட்டிப் போட்டுட்டு, உங்க எதிர்ல உக்காந்து சாப்டணும். படி எண்ணாம. அவ்ளோதான் ஆச." கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். "அப்பறம் ஒண்ணு கேக்கணும். ஆத்துல கீறவங்க... கடலுக்கு வருவாங்களா?"

மஹதியின் கன்னம் சூடாயிற்று. ஆஷா தைத்த நீல மாஸ்க் அதை மறைத்துக்கொண்டது. கண்ணை மறைக்க ஒன்றும் இல்லை. அவன் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாதம் போட்ட கரண்டி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. பக்கத்தில், அவன் வாசலில் வைத்துவிட்டுப் போன அந்தக் காலி டப்பா. யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல, மூடியின் மேல் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள்.

டிங்...

"மெதுவா சொல்லியிருக்கேன்," என்றாள். "கேட்டுதா?"

பதினாறு படிக்கு மேலே அந்தக் களைத்த கண்கள் மெல்லச் சிரித்தன.

"கேட்டுச்சு, மஹதி."

மேடம் என்று சொல்ல அவன் மறந்துபோயிருந்தான்.