தூசி படிந்த பேர்பன்

அழைப்பு மணியை ஒருமுறை அழுத்தினாலே சச்சிதானந்தன் எழுந்து வருவார். கோபாலகிருஷ்ணனோ வைத்த விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டு நின்றான். 1996ஆம் ஆண்டு ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை மதியம். மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் முழுவதும் மழையில் ஊறிக் கிடந்தது. நனைந்த கோட்டுக்குள் எதையோ கைக்குழந்தை போல அணைத்துப் பிடித்திருந்தான்.

சச்சிதானந்தன் கொழும்புச் சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்து இறங்கும் பெட்டிகளையும் பொய்களையும் பிரித்துப் பார்ப்பதிலேயே அவருடைய பாதி ஆயுள் போயிற்று. மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பக்கத்து வீட்டு இரஞ்சிதம் மலேசியத் தமிழ்ப் பெண், மருந்துக் கடையில் வேலை. லீவு நாளில் அவருக்குச் சூப் கொடுக்கும் சாக்கில் வந்து, ஏதாவது வழக்கு வராதா என்று உட்கார்ந்திருப்பாள். அன்றும் உட்கார்ந்திருந்தாள்.

"சார், இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் முடிவு சொல்லணும். வாங்கவா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க" என்று கோபாலகிருஷ்ணன் கோட்டைத் திறந்து ஒரு போத்தலை மேசையில் வைத்தான். உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், உடனே எழுந்தான், ஜன்னல்வரை போய் வந்து மறுபடியும் உட்கார்ந்தான்.

அது அமெரிக்காவின் பழைய பேர்பன் விஸ்கி. தடித்த கண்ணாடி, தோளில் புடைப்பாக எழுத்துகள், மஞ்சளேறிய லேபல், எங்கும் சாம்பல் நிறத் தூசி. மூடி திறக்கப்பட்டு, ஒன்றிரண்டு சின்னக் கிளாஸ் அளவுக்குச் சரக்கு குறைந்திருந்தது.

"முதலிலிருந்து சொல்லும் தம்பி. போத்தலை விடும், விற்கிற ஆளைப் பற்றிச் சொல்லும்" என்றார் சச்சிதானந்தன்.

கோபாலகிருஷ்ணனுக்கு ஸ்பிரிங்வேலில் ஒரு மளிகைக் கடை. எதிரே பெரிய கடை ஒன்று வந்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. வாடகையும் ஏறிவிட்டது. அவனுக்கும் மனைவி மீனாம்பாளுக்கும் மிச்சமிருந்தது வெரிபீயில் மனை வாங்கச் சேர்த்த பணம் மட்டும்தான். இந்த நேரம் பார்த்துத் தனபாலன் என்கிற யாழ்ப்பாணத்து வாடிக்கையாளன் வந்தான். தன் அண்ணன் கப்பல் எஞ்சினியராக இருந்தவர், காலமாகி இரண்டு வருடமாகிறது, அண்ணி லண்டனுக்கே போய்விட்டாள், விற்கப்போகும் வீட்டின் கூரைக்குள் ஒரு டசன் பேர்பன் போத்தல்கள் யாருக்கும் தெரியாமல் மறந்து கிடந்தன என்றான். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விலை சொன்னான். மனைக்கு வைத்திருந்த பணம் அப்படியே சரியாகும் விலை.

"சிட்டியில ஏலம் விடுற ஆள் ஒருத்தர்கிட்ட போன்ல கேட்டேன் சார். அசலா இருந்தா இதுக்குப் பத்து மடங்கு போகும்ங்கிறார். கடை தப்பிச்சிடும். போலியா இருந்தா கடையும் இல்ல, மனையும் இல்ல. ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கமே வரல."

"தேத்தண்ணிதான்!" என்று இரஞ்சிதம் துள்ளினாள். "உள்ள இருந்ததைக் குடிச்சிட்டு, வெறுந்தேத்தண்ணி ஊத்தி வச்சிருப்பாங்க அங்கிள். நிறம் பாருங்க, அப்படியே இருக்கு."

"நான் குடிச்சுப் பார்த்தேனே! அப்படி ஒரு சரக்கை நான் ஜன்மத்துல குடிச்சதில்ல" என்றான் கோபாலகிருஷ்ணன்.

இரஞ்சிதம் விடுவாளா? ஒரு கரண்டியில் கொஞ்சம் ஊற்றி அடுப்பில் லேசாகச் சூடு காட்டித் தீக்குச்சியை நீட்டினாள். நீலச் சுடர் பொசுக்கென்று எழுந்தது. அவள் முகம்தான் அணைந்துபோயிற்று.

சச்சிதானந்தன் அதைப் பார்க்கவில்லை. போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தனபாலன் கடைக்கு வந்த அன்று என்ன நடந்தது? ஒன்றும் விடாமல் சொல்லும்."

"புதன்கிழமை வந்தார் சார். நல்ல மழை. முன்பக்கமா வராம பின்சந்துல குப்பைத் தொட்டிகிட்ட நின்னு கூப்பிட்டார். பையனுக்குப் பிறந்தநாளுன்னு கடைக்குள்ள பிள்ளையார் படத்துக்கு விளக்கேத்தி, லட்டு வச்சிருந்தோம். உள்ள வாங்க வாங்கன்னு எவ்வளவோ கூப்பிட்டேன். சொட்டச் சொட்ட நனைஞ்சுகிட்டு அங்கேயே நின்னார். மீனா திருநீறும் லட்டும் கொண்டுபோய் நீட்டினா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு 'பிறகு எடுக்கிறன்'னு சொல்லிட்டார்."

"வேறு?"

"எப்பவும் எங்க கடை மட்டன் ரோலை நாலு நாலா வாங்கித் தின்கிற ஆளு. அன்னிக்குச் சூடா நீட்டினேன், வேண்டாம்னுட்டார். போத்தலைத் திறந்து எனக்கு ஊத்திக் கொடுத்தார், தான் ஒரு சொட்டுக்கூடத் தொடல. காலையிலேயே திறந்து ருசி பார்த்தாச்சு, இப்ப கார் ஓட்டணும்னார். தாடி வேற வளர்ந்து கிடந்தது."

"விஷம்!" என்றாள் இரஞ்சிதம். "அதான் அவரு குடிக்கல."

"புதன்கிழமை குடித்த விஷத்துக்கு வெள்ளிக்கிழமை இவ்வளவு பேச்சு வராது பிள்ளை" என்றார் சச்சிதானந்தன். பிறகு ஈரத்துணியின் நுனியால் போத்தலின் தோளில் ஓர் எழுத்தின் பள்ளத்தை மெல்லத் துடைத்தார். சாம்பல் தூசி போனது. அதற்குக் கீழே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. ஈரம் பட்டதும் லேசாக மணத்தது.

"என்ன மணம்?"

இருவரும் குனிந்து முகர்ந்தார்கள். "சந்தனம்" என்றான் கோபாலகிருஷ்ணன் ஆச்சரியமாக.

சச்சிதானந்தன் ஈரத்துணியை மேசையில் வைத்தார். சாதாரணமாகவே சாந்தமான அந்த முகத்தில் இப்போது வருத்தம் தெரிந்தது. "இரஞ்சிதம், தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற ஆளை உனக்குத் தெரியுமல்லவா? ஒரேயொரு கேள்வி கேள். போன ஒரு மாதத்துக்குள் எங்கள் ஆட்களில் கப்பலில் வேலை செய்த யாராவது காலமானார்களா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாலன்னு அவர் சொன்னாரே சார்?" என்றான் கோபாலகிருஷ்ணன்.

"சொன்னார்" என்றார் சச்சிதானந்தன்.

இரஞ்சிதம் போனை வைத்துவிட்டு வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. "குணசீலன்னு ஒருத்தர். நோபிள் பார்க்குல வீடு. மூணு வாரம் ஆச்சாம். சம்சாரம் பேரு செல்வராணி. அவங்க அந்த வீட்டுலதான் இருக்காங்களாம்."

*

சாயங்காலம் மூவரும் நோபிள் பார்க்குக்குப் போனார்கள். வாசலில் செருப்புகள் கிடந்தன. துக்க வீட்டுக்கு யாரும் அழைப்பில்லாமல் போகலாம், அது ஒரு வசதி. குணசீலனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. செல்வராணி வெள்ளைச் சேலையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டிருந்த ஆள் திரும்பினான். தாடி வளர்ந்த தனபாலன்தான். கோபாலகிருஷ்ணனைக் கண்டதும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

சச்சிதானந்தன் முறைப்படி துக்கம் விசாரித்தார். பிறகு அறையை ஒருமுறை பார்த்தார். சுவரோரம் கண்ணாடி ஷோகேஸ் ஒன்று நின்றது. கீழ்த்தட்டுகளில் பீங்கான் கோப்பைகள், மகளின் பரிசுக் கோப்பைகள். மேல்தட்டு வெறுமையாக இருந்தது.

"தங்கச்சி, அந்த மேல்தட்டில் என்ன இருந்தது?"

"அவரின்ரை போத்தலுகள்" என்றாள் செல்வராணி. "கப்பலாலை வரேக்கை ஒவ்வொருமுறையும் ஒண்டு கொண்டு வருவார். மூடி உடைக்கமாட்டார். பாக்கிறதுதான் அவருக்குச் சந்தோசம். இப்ப எல்லாம் பழுதாப் போச்செண்டு தம்பி கொண்டுபோய் ஊத்திப்போட்டார். வயித்துக்குள்ள போனா நஞ்சாம்."

கோபாலகிருஷ்ணன் கோட்டைத் திறந்து உள்ளே வைத்திருந்த போத்தலை அவள் முன்னால் வைத்தான். அவள் அதை எடுத்துப் பார்த்தாள். முந்தானையால் துடைக்கத் தொடங்கினாள்.

"இதென்ன கோலம்? வெள்ளிக்கு வெள்ளி நான் துடைக்கிறனான். இவ்வளவு ஊத்தை எங்கால வந்தது?"

தனபாலன் எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தான். "கொஞ்சம் இரும் தம்பி" என்றார் சச்சிதானந்தன். குரலை உயர்த்தவில்லை. அவன் நின்றான்.

"அங்கிள், எப்படி?" என்றாள் இரஞ்சிதம். அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"கோபாலகிருஷ்ணன் என்னிடம் கேட்டது சரக்கு அசலா போலியா என்று. சரக்கு அசல்தான். போலி அந்தத் தூசி. தானாகப் படிகிற தூசி மேலிருந்துதான் விழும். இந்தப் போத்தலில் தோளுக்குக் கீழே உள்வளைவிலும் அதே கனத்துக்குத் தூசி. அதாவது யாரோ அப்பியிருக்கிறார்கள். தூசிக்குக் கீழே சந்தனம். முதலில் சந்தனம், பிறகுதான் தூசி. சந்தனத்தில் இன்னும் மணம் இருக்கிறது, ஆகவே அது வருடக்கணக்கானதல்ல. அப்படியானால் கூரைக்குள் மறந்து கிடந்தது என்ற கதை முடிந்தது."

"சரி, மதுப் போத்தலுக்கு ஏன் சந்தனம்?"

"அதுதான் கேள்வி. சாமிக்கு முன்னால் யாரும் விஸ்கி வைக்கமாட்டார்கள். ஆனால் செத்தவருக்கு வைப்பார்கள். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு, அவருக்கு எது விருப்பமோ அதைப் படைப்பார்கள். இறைச்சியும் இருக்கும், சாராயமும் இருக்கும். சிலர் படைக்கிற சாமானுக்குச் சந்தனமும் தொட்டு வைப்பார்கள்."

"ஓம்" என்றாள் செல்வராணி. "எட்டண்டைக்கு நான்தான் மூடி உடைச்சு ஒரு கிளாஸ் ஊத்தி வச்சனான். உயிரோட இருக்கேக்கை அவர் குடிக்கேல்லை, போகேக்கையாவது குடிக்கட்டுமெண்டு."

இரஞ்சிதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சச்சிதானந்தன் தொடர்ந்தார். "ஆனால் அந்தச் சாவு இரண்டு வருடத்துக்கு முந்தியதா, இப்போது நடந்ததா? அதைச் சொன்னது தனபாலன்தான், வாயால் அல்ல. நல்ல மழையில் குப்பைத் தொட்டியருகே நின்றார். சாமி விளக்கு எரிகிற இடத்துக்குள் காலை வைக்கவில்லை. திருநீறை வாங்கவில்லை. மட்டன் ரோலையும் மதுவையும் தொடவில்லை. சவரம் செய்யவில்லை. இத்தனையும் ஒன்றாகச் சேர்வது ஒரே இடத்தில்தான்."

"தீட்டு!" என்றான் கோபாலகிருஷ்ணன். தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணு முன்னால நின்னுச்சே சார்!"

"நாங்கள் துடக்கு என்போம். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி முடியும்வரை இருக்கும். ஆகவே எட்டு முடிந்துவிட்டது, அந்தியேட்டி இன்னும் ஆகவில்லை. அப்படி ஒரு மாதத்துக்குள் காலமான கப்பல்காரர் யார் என்று கேட்டேன், விலாசம் கிடைத்தது. கொள்ளி வைத்தவர் நீர்தானே, தனபாலன்? அண்ணியை லண்டனுக்கு அனுப்பப் பயப்படவில்லை, போத்தலுக்குத் தூசி பூசப் பயப்படவில்லை. துடக்கை மீறத்தான் உமக்குத் துணிவு வரவில்லை."

தனபாலன் தரையைப் பார்த்தபடி நின்றான். "மிச்சப் போத்தல் எல்லாம் கார் டிக்கிக்குள்ள கிடக்கு" என்றான். "கஷ்டம் அண்ணி. ஆரிட்டையும் கேக்க வெக்கமா இருந்தது."

"என்னட்டைக் கேட்டிருந்தா தந்திருப்பனே" என்றாள் செல்வராணி. அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூட அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் கோபாலகிருஷ்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்கள் வாங்கத்தானே வந்தனீங்கள்? தம்பி சொன்ன விலைக்கே எடுங்கோ. மகளின்ரை படிப்புக்கு உதவும். எனக்கு இதுகளை வச்சுப் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது."

இரஞ்சிதம் கோபாலகிருஷ்ணனைப் பார்த்தாள். பணம் அவன் கோட்டின் உள்பையில் இருந்தது. சரக்கு அசல். விற்கிறவள் சொந்தக்காரி. அந்த விலைக்குச் சம்மதித்தவளும் அவளே. ஒரு சட்டமும் அவனைத் தடுக்காது, கடையும் தப்பிவிடும். அவன் சச்சிதானந்தனைப் பார்த்தான். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறிகிறவனின் வேலை முடிந்துவிட்டது, இனி வாங்குகிறவனின் வேலை.

கோபாலகிருஷ்ணனின் கை கோட்டுப் பைக்குள் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. மனதுக்குள் மீனாம்பாள், கடை, வெரிபீ எல்லாம் ஓடியிருக்க வேண்டும். கை வெறுமையாக வெளியே வந்தது.

"அம்மா, அந்த விலைக்குக் குடுக்காதீங்க" என்றான். "இதுக்குப் பத்து மடங்கு போகும். சிட்டியில ஏலம் விடுற ஆளோட நம்பர் தர்றேன். நீங்களே நேரா பேசுங்க. வேற யாரையும் நடுவுல விடாதீங்க. என்னையும்."

செல்வராணி போத்தலைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு தனபாலனிடம் சொன்னாள்: "போத்தலுகளை உள்ளுக்கை கொண்டுவந்து வையும். வாற கிழமை அந்தியேட்டி. அவருக்கு நீர்தான் செய்யவேணும், வேற ஆளில்லை. வந்து வடிவாச் செய்யும். அதுக்குப் பிறகு இந்த வீட்டுப் படி மிதிக்கவேண்டாம்."

தனபாலன் ஒவ்வொரு போத்தலாகச் சுமந்து வந்தான். அவன் தூக்கிவைக்க வைக்க அவள் துடைத்தாள்.

கோபாலகிருஷ்ணன் கடைக்குத் திரும்பியபோது மீனாம்பாள் கல்லாவருகே காத்திருந்தாள்.

"என்னாச்சு? போலியா?"

"அசல்."

"அப்ப வாங்கிட்டீங்களா?"

"இல்ல." அவன் பணம் இருந்த உறையை எடுத்து அவளிடம் கொடுத்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். பத்து மடங்கு என்று தானே வாய்விட்டுச் சொன்னதையும் மறைக்கவில்லை.

மீனாம்பாளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கடை போகத்தான் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உறையைக் கல்லாவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

"அந்தம்மா சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் கடைசியில்.

"தெரியல."

"நாளைக்குச் சைவமா ஏதாவது செஞ்சு கொண்டுபோய்க் குடுப்போம். இப்ப லைட்டை அணைங்க."

அவன் விளக்குகளை அணைத்தான். அன்றிரவு படுத்ததும் தூங்கிவிட்டான்.