மீஞ்சூருக்கு மூன்று மெஷின்கள்

கண்ணாடி உள்பக்கம் வியர்த்திருந்தது.

காட்டூர் ஷெட்டில் கரண்ட் இணைப்பே கிடையாது. நடுப்பகல் வெயிலில் கூரைத் தகரம் படபடக்க, மற்ற ஐந்து மெஷின்களிலும் தூசியும் எலிப்புழுக்கையும் நாற, பொம்மை எடுக்கும் இந்த ஒன்றிலிருந்து மட்டும் ஏரிச்சேற்றின் வாடை, ஈரத் துணியோடு யாரோ உள்ளே உட்கார்ந்திருப்பதுபோலக் கனமாக வந்தது.

திருவிழாப் பந்தல்களுக்கு விளையாட்டு மெஷின் கொண்டுபோகும் தொழில். இப்போது மீஞ்சூரில் நிரந்தரக் கடை. மூன்றைப் பொறுக்குவது செசிலியாவின் பொறுப்பு. லாரியில் குலுங்கிக் குலுங்கி இளகியவற்றையும், உப்புக்காற்றில் துருவேறியவற்றையும் ஒதுக்கிவிட்டாள்.

"இத்த மொதல்ல ஏத்து. புதுசா வாங்கினது. நாளைக்குத் தொறந்தா பசங்க இதுக்குத்தான் அடிச்சிக்குவானுங்க," என்றான் அண்ணன் ராபர்ட்.

பச்சைப் பெயிண்டுக்கு அடியில், அவளே எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கரின் விளிம்பு புடைத்திருந்தது. ஒயரை இழுத்து பிளக்கைக் கையில் எடுத்தாள். ஷாக் அடிக்காமல் காக்கும் எர்த் முள்ளை ரம்ப பிளேடால் அறுத்திருந்தார்கள்.

"வித்யா செத்த மெஷினு இது. காயலாங்கடைல போட்டேன்னு சொன்னியே?"

"நாலு நாள் கொட்டாய்க்கு எவன் எர்த் கம்பி அடிப்பான்? உப்புத்தண்ணி ஊறுன மண்ணு, அதுவே எர்த்துன்னு ஊரே சொல்லுது."

ஏரிக்கரைத் திருவிழாவில், மழை விட்ட அந்தச் சாயங்காலம், எட்டு வயது வித்யா வெறுங்காலோடு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தவள் விடவில்லை. பல் தெரிந்தது. சிரிக்கிறாள் என்றுதான் பின்னால் நின்றவர்கள் நினைத்தார்கள்.

"வலிப்புன்னு அவங்கம்மாகிட்ட சொன்ன. நானும் நம்பி மாலை வாங்கினு போனேன். தூ! நாளைக்கு என் பொண்ணு ஜெனிஃபர் வந்து இதப் புடிப்பா. நீ சும்மா நிப்பியா?"

"கத்தாத. மீஞ்சூர்ல எர்த் குடுத்துடலாம்."

"இது வராது."

"ஒரு மெஷினுக்கு இன்னா பயம் உனுக்கு? பாரு." ராபர்ட் ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்து ஆட்டிக் காட்டினான்.

உள்ளே விளக்கு எரிந்தது.

மெஷினுக்குள்ளிருந்து திருவிழாப் பாட்டு. கொக்கி மெல்ல இறங்கியது.

"விடுண்ணா."

அவன் விடவில்லை. பல் தெரிந்தது.

செசிலியா குனிந்து பார்த்தாள். பிளக் அவள் கையில்தான் இருந்தது.

அவன் புறங்கையில் தோல் குழிந்தது. நான்கு குழிகள். சின்னச் சின்னதாய், குழந்தை விரல் பதிந்ததுபோல். ஈரமாய்.

இன்னும் ஆழமாக அழுந்தின.